இருளப்பன் போட்ட அப்டேட்

இருளப்பனைப் பற்றி நல்ல விதமாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் என்னால் மூன்றாவது வார்த்தைக்கு மேல் போக முடியாது. பதினோரு வருடம் ஒரே ஆபீஸில் இருந்திருக்கிறோம். ஒரு நாளாவது அந்த மனிதர் என்னைப் பார்த்து "சாப்பிட்டியா" என்று கேட்டதில்லை. நான் கேட்டால், "அது உனக்கு எதுக்கு?" என்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவருக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று யாருக்காவது தோன்றினால், அது தப்பு. எனக்கு அவரை அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

எங்கள் எஸ்டேட் கோலா தெர்லா என்கிற சின்ன மலையூரைத் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு உள்ளே இறங்கும் பள்ளத்தில் இருக்கிறது. ஒரு தேயிலைத் தொழிற்சாலை, ஒரு ஆபீஸ், ஒரு மாரியம்மன் கோயில், தொழிலாளர்கள் குடியிருக்கும் நாலு வரிசை லைன் வீடுகள். மேலே ரோட்டில் காய்கறி லோரிகள் கம்போங் ராஜா பக்கம் போகிற சத்தம் இரவு பகலாகக் கேட்கும். சத்தம் இறங்கி வருகிற அளவுக்கு போன் சிக்னல் இறங்கி வராது. நான் அந்த ஆபீஸில் சின்னக் கிராணியாக, அதாவது இளநிலை எழுத்தராக, இருந்தேன். பெயர் யுவனேஸ்வரி, வயது முப்பத்து நாலு. என் அம்மா கொழுந்து பறித்தவர். இருளப்பனின் அம்மாவும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒரே மலையில் ஒரே கங்காணியிடம் திட்டு வாங்கியவர்கள். அதனால் எங்கள் இருவருக்கும் ஒரு ஒட்டுதல் இருந்திருக்கும் என்று வெளியாள் நினைக்கலாம். ஒரு மண்ணும் இல்லை.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. மூன்றாவது லைனில் பிறந்தவர். பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரர் என்று அவர் வயதுக்காரர்கள் இப்போதும் சொல்வார்கள். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடிக்கிற வருடம் அப்பா இறந்துபோனார். பதினெட்டு வயதில் தொழிற்சாலைக்குள் போய், கொழுந்தை உருட்டுகிற மெஷினுக்கு எண்ணெய் விடுகிற வேலையில் சேர்ந்தார். பிறகு ஃபிட்டர் ஆனார். ஆபீஸுக்கு முதல் கணினி வந்து, ஒரே மாதத்தில் படுத்துக்கொண்டது. ரிப்பேர்க்காரன் மழையையும் மண் சரிவையும் காரணம் சொல்லி மலையேற மறுத்துவிட்டான். இருளப்பன் திருப்புளியோடு வந்து அதைப் பிரித்துப் போட்டார். இரண்டு நாள் ஆபீஸ் தரையெல்லாம் திருகாணி. மூன்றாம் நாள் அது ஓடியது. அன்றிலிருந்து எஸ்டேட்டில் மின்சாரத்தில் ஓடுகிற மூளையுள்ள பொருள் எதுவானாலும் அவர் தலையில்தான்.

கோளாறு வந்தால் திரையில் வருகிற ஆங்கில வரிகளை அகராதி வைத்துப் படித்தே ஆங்கிலம் கற்றுக்கொண்டார். தலைமையகம் கழித்துக்கட்டிய பழைய மடிக்கணினிகளை எல்லாம் வாங்கி அவற்றில் லினக்ஸ் என்கிற இயங்குதளம் போட்டார். அது என்னவென்று பெரிய கிராணி கேட்டதற்கு, "வேற ஒருத்தன் பூட்டிக் குடுத்த வீட்டுல நீங்க குடியிருக்கீங்க. இதுல சாவி என்கிட்ட இருக்கு" என்றார். சாவி அவரிடம் இருந்ததுதான் எங்கள் எல்லோருக்கும் தலைவலி. லைன் வீடுகளுக்கு வைஃபை வேண்டும் என்று யாரோ கேட்டபோது, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி அவரே பெட்டி கட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லித் திட்டிவிட்டுத்தான் கொடுத்தார். வாங்கினவர்களும் அவரைத் திட்டிக்கொண்டேதான் பயன்படுத்தினார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கணினி ஓடவில்லை என்று போய் நின்றால், "என்ன எழுதியிருக்கு? அதப் படி. நீ நினைக்கிறத என்கிட்ட சொல்லாத" என்பார். படிக்கத் தடுமாறினால் மறுபடியும் படிக்கச் சொல்வார். பெரிய கிராணி ராஜநாயகம் அவரைவிட நாலு வயது மூத்தவர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அமைதியான மனிதர். அவரையே இருளப்பன் பிரிண்டர் முன்னால் நிற்க வைத்து ஒரே வரியை மூன்று தடவை படிக்க வைத்தார். மூன்றாவது தடவை ராஜநாயகத்துக்குக் குரல் உடைந்தது. அது "காகிதம் இல்லை" என்கிற வரி. இருளப்பன் எழுந்து போனார்.

எங்களோடு பேசுகிற தொல்லையைக் குறைத்துக்கொள்ள, ஒரு தாளில் ஆறு கட்டளைகளைத் தமிழ் விளக்கத்தோடு எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டினார். "என்னைக் கூப்பிடும் முன் இதை வரிசையாகச் செய்" என்று மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு. நாங்கள் யாரும் அதைப் படித்ததில்லை. அவர் வாயாலும் திட்டு, சுவராலும் திட்டா என்று ராஜநாயகம் கேட்டார். அந்தத் தாளின் மேல் காலண்டரை மாட்டினோம்.

இருளப்பனின் மனைவி பிரிஞ்சாங் ஊரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு ஒரு தீபாவளிக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். ஏன் என்று எஸ்டேட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

உதவி மேனேஜர் வேலைக்கு, அதாவது எங்கள் பேச்சில் சின்ன துரை வேலைக்கு, அவர் மூன்று தடவை எழுதிப் போட்டார். மூன்று தடவையும் வெளியாள் வந்தான். கடைசியாக வந்தவனுக்கு மொட்டு எது, இலை எது என்று கங்காணி காட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை தலைமையகம் இருளப்பனுக்கு எழுதிய பதிலில், "மக்களோடு பழகும் தன்மை போதாது" என்று இருந்ததாம். எனக்குத் தெரிந்து தலைமையகம் சரியாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் அதுதான்.

இந்த வருடம் அந்த இடம் மறுபடி காலியானது. நான் எழுதிப் போட்டேன். தபாலில் டிப்ளோமா முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. லைன் வீட்டில் பிறந்த ஒருத்தி சின்ன துரை நாற்காலியில் உட்காருவது எங்கள் எஸ்டேட்டில் அதுவரை நடந்ததில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, வீடியோவில். ஒரு கணக்குப் படிவத்தைத் திறந்து திரையைக் காட்டி விளக்க வேண்டும், அதனால் கம்பெனிக் கணினியில்தான் வர வேண்டும், கைப்பேசி கூடாது, மறு தேதி கிடையாது என்று கடிதத்திலேயே தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆபீஸில் கேமரா உள்ள கணினி இரண்டே. ஒன்று எஸ்டேட் மேனேஜரான துரை மகேனுடையது. அவர் நேர்காணல் குழுவில் ஒருவர், அதைத் தூக்கிக்கொண்டு முதல் நாளே கோலாலம்பூர் போய்விட்டார். இன்னொன்று இருளப்பன் லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி. அதில் கேபிள் மாட்டுகிற துளை எப்போதோ உடைந்துபோனது. வைஃபை மட்டும்தான் வழி.

கடிதம் வந்த செய்தி தெரிந்ததும் இருளப்பன் என் மேசைக்கு வந்தார். "நல்லதுதான். வெளியாளு வர்றதுக்கு நீ வரலாம். ஆனா உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். நான் கடைசி வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாலு நாள் எரிந்தேன்.

அந்த வாரம் புதன்கிழமை ஆயுத பூஜை. எங்கள் எஸ்டேட்டில் அன்று தொழிற்சாலை மெஷின், லோரி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, தராசு, ஆபீஸ் கணினி எல்லாவற்றையும் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைப்போம். பூஜை முடிந்து மறுநாள் வரைக்கும் எதையும் தொட மாட்டோம். ஆபீஸ் பக்கம் முழுக்க என் பொறுப்பு. அந்த மடிக்கணினியை மற்றதைவிட அக்கறையாகத் துடைத்தேன். அதில்தானே என் வாழ்க்கை இருக்கிறது. ஈரத் துணியால் மூடி, அடி, விளிம்பு எல்லாம் அழுத்தித் துடைத்து, மூடியில் ஒரு பொட்டும், முன் விளிம்பில் வரிசையாக மூன்று பொட்டும் வைத்தேன். சந்தனம் கெட்டியாகக் குழைந்திருந்தது. பொட்டு வட்டமாக, அழகாக வந்தது. இருளப்பன் பூஜைக்கு உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, "மெஷினுக்கு எண்ணெய் விடுங்கப்பா, பொட்டு அப்புறம் வைக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு மடிக்கணினியைத் திறந்தேன். வைஃபை இல்லை. பட்டியலில் ஒரு பெயர்கூட வரவில்லை. கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன், அதே ஆபீஸ் வைஃபை அதில் நன்றாக ஓடியது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் இல்லை.

இருளப்பன் தண்ணீர்த் தொட்டிமேல் எதையோ கட்டிக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பி, மழையில் நனைந்து அவர் வந்து சேர ஒன்று இருபது ஆனது. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எப்பலேருந்து வரல?"

"தெரியல. இப்பதான் தொறந்தேன்."

"மூணு மணிக்கு இன்டர்வியூ. பன்னெண்டரைக்குத் தொறந்து பாக்குற. நல்ல சின்ன துரை லா நீ."

"அண்ணே, இப்ப அது பேச நேரம் இல்ல. கைப்பேசியில வருது, இதுல மட்டும் வரல."

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"போன வாரம்."

அவர் கை அப்படியே நின்றது. முகத்தில் என்னவோ மாறியது. "திங்கக்கிழமை நான் இதுல கெர்னல் அப்டேட் போட்டேன்" என்றார், என்னிடம் இல்லை, திரையிடம்.

கெர்னல் என்பது அந்தக் கணினியின் அடித்தளம் என்றும், அதை மாற்றினால் சில சமயம் வைஃபை சில்லு புதிய அடித்தளத்தோடு ஒத்துப்போகாது என்றும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று என் காதில் விழுந்தது வேறு. என் நேர்காணல் கடிதம் வந்தது அதற்கு முந்தின சனிக்கிழமை. திங்கட்கிழமை இவர் இந்தக் கணினியில் கை வைத்திருக்கிறார். இதற்கு மேல் கணக்குப் போட என்ன இருக்கிறது?

"நீங்கதான் பண்ணீங்களா?" என்றேன்.

"நான்தான். இங்க வேற யாரு போடுவா?"

கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாகத் தட்ட ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் பத்து இருபது வரி பதில் வந்தது. அவர் உதடு அசைய அசையப் படித்தார். சில்லு இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. அதை ஓட்டுகிற நிரல் ஏறியிருக்கிறதா என்று பார்த்தார், ஏறியிருந்தது. அந்த நிரலை இறக்கி மறுபடி ஏற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு நிரலைத் தேடினார். மணி இரண்டு. ராஜநாயகம் என் பின்னால் வந்து நின்று மெதுவாக, "ஆண்டவரே" என்றார்.

"முடியுமா முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியாதுன்னு சொன்னா எந்திரிச்சுப் போயிருக்க மாட்டேனா?"

இரண்டு இருபத்தைந்துக்கு அவர் மடிக்கணினியை அணைத்தார். திரை இருண்டது. எனக்கும் கண் இருண்டது.

"இப்ப எதுக்கு ஆஃப் பண்ணீங்க?"

"பழைய கெர்னல்ல ஏத்தப் போறேன். அது உள்ளதான் இருக்கு. அதுல வைஃபை வந்தா என் அப்டேட்டுதான் தப்பு. அதுலயும் வரலன்னா வேற ஏதோ. வாய மூடிட்டு இரு."

தொடக்கத்தில் வந்த பட்டியலில் எதையோ தேர்ந்தெடுத்தார். அது நேராக ஏறியிருந்தால் இந்தக் கதையே வேறு. அது ஏறாமல், தன் டிஸ்க்கைத் தானே சோதிக்க ஆரம்பித்தது. திரையின் மூலையில் ஒரு எண். நாலு சதவீதம். ஐந்து சதவீதம். வெளியே மழை. ஆறு சதவீதம். இருளப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டிய கையைப் பார்த்ததும் எனக்குள் இருந்தது எல்லாம் கிளம்பி வெளியே வந்தது.

"வேணும்னே நேரத்த ஓட்டுறீங்க. எனக்குத் தெரியும். மூணு தடவ கேட்டு உங்களுக்குக் கெடைக்கல. இப்ப லைன்லேருந்து ஒருத்தி போறது வயித்தெரிச்சல். திங்கக்கிழம கை வச்சீங்க, வெள்ளிக்கிழம ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து உக்காந்துருக்கீங்க."

"யுவனேஸ்வரி, போதும்மா" என்றார் ராஜநாயகம்.

"என்ன போதும்? ஒரு மனுசன்கூட இவரோட இருக்க முடியாது. பொண்டாட்டியே இருக்க முடியாமதானே ஓடிப்போச்சு?"

இதைச் சொன்னேன். வாய் தவறிச் சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசைதான். தவறவில்லை. குத்த வேண்டும் என்று நினைத்துத்தான் குத்தினேன், எங்கே குத்தினால் வலிக்கும் என்று பார்த்துத்தான் குத்தினேன். இருளப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது.

ஆபீஸ் போனில் துரையைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பாதி நிஜமாக, பாதி அவர் கேட்கட்டும் என்று. இருளப்பன் வேண்டுமென்றே கணினியை முடக்கிவிட்டார், அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார், பெரிய கிராணி சாட்சி என்றேன். ராஜநாயகம் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"இருளப்பன் அங்க இருக்காரா?" என்றார் துரை மகேன். "இருளப்பன், வெளிய போங்க. இப்பவே லா. இனிமே நீங்க அதைத் தொடக் கூடாது."

"சார், இன்னும் நாலு நிமிசம். ஏறி வந்துரும். வந்தா எது தப்புன்னு தெரிஞ்சுரும்."

அவர் மறுக்கவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. நாலு நிமிடம்தான் கேட்டார்.

"வெளிய போங்கன்னு சொன்னேன். மிஸ்டர் ராஜநாயகம், கேட் வரைக்கும் கூட்டிட்டுப் போய் விடுங்க."

இரண்டு பேரும் ஒரே குடையில் போனார்கள். ஆபீஸில் நான் மட்டும்.

மணி இரண்டு முப்பத்தெட்டுக்குக் கணினி ஏறி வந்தது. பழைய கெர்னல் என்று தொடக்கத்தில் ஒரு வரி வந்து மறைந்தது. வைஃபையைப் பார்த்தேன். இல்லை. ஆக, அவர் போட்ட அப்டேட் காரணம் இல்லை. அவர் சொல்லிவிட்டுப் போன சோதனைதான், அதன் விடை என் கண் முன்னால் இருந்தது. எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று நான் எங்கேயும் சொல்லிக்கொள்ள முடியாது.

அழுதால் கணினி ஓடாது. சுவரில் இருந்த காலண்டரைப் பிடுங்கினேன். அடியில் அவர் தாள், ஓரம் பழுத்துப்போய். முதல் கட்டளை nmcli radio. அதைத் தட்டினேன். இரண்டே வரி வந்தது. முதல் கட்டத்தில் disabled என்று இருந்தது. தாளில் அந்தக் கட்டளைக்கு நேரே அவர் கையெழுத்தில் விளக்கம்: "முதல் கட்டத்தில் disabled என்று வந்தால் உள்ளே கோளாறு இல்லை. வெளியே கை சுவிட்ச் அணைந்திருக்கிறது. தடவிப் பார். கண்ணை நம்பாதே."

தடவிப் பார்த்தேன். முன் விளிம்பில் இடது ஓரத்தில், நான் வைத்த முதல் பொட்டுக்கு அடியில், விரலில் ஒரு மேடு தட்டியது. சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அரிசி அளவில் ஒரு தள்ளு சுவிட்ச். பதினோரு வருடத்தில் அங்கே அப்படி ஒன்று இருப்பதை நான் கவனித்ததே இல்லை. புதன்கிழமை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தபோது அது தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அதன் மேலேயே கட்டை விரலால் அழுத்தி அழகாகப் பொட்டு வைத்து மூடியிருக்கிறேன். சுவிட்ச்சைத் தள்ளினேன். சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது. ஐந்து விநாடியில் ஆபீஸ் வைஃபையின் பெயர் வந்து நின்றது.

சுவரில் முதல் வரியாக எழுதி ஒட்டியதை, எழுதினவரே ஏன் செய்யவில்லை? ஊரில் எல்லோரையும் குறை சொல்லுகிற அந்த மனிதர், கோளாறு என்றதும் முதலில் தன்னுடைய தப்பைத் தேடப் போய்விட்டார். ஒரு மணி நேரம் அதை மட்டுமே தேடினார். எனக்கு அன்று இது உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் இருபது நிமிடத்தில் நேர்காணல் இருந்தது. சுரண்டின சந்தனத்தை டிஷ்யூவில் துடைத்துக் குப்பையில் போட்டேன். மற்ற பொட்டுகளையும் துடைத்துவிட்டேன்.

ராஜநாயகம் நனைந்துகொண்டு திரும்பி வந்தார். "வந்துருச்சா? என்னாம்மா கோளாறு?"

"என்னமோ செட்டிங் சார்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் மேசைக்குப் போனார். அதன் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

நேர்காணல் நன்றாகப் போனது. படிவத்தைத் திறந்து விளக்கினேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் குழுவில் இருந்த அம்மா ஒருவர், "மதியம் ஏதோ பிரச்சினை என்று மகேன் சொன்னாரே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்.

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். தப்பு என்னுடையது, அவர் மேல் வீணாகப் பழி போட்டேன். இதைச் சொன்னால் அந்த நாற்காலி போய்விடும் என்று நினைத்தேன். போயிருக்குமா என்பது எனக்கு இன்று வரை தெரியாது. "அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்று நினைக்கிறேன்" என்றேன். "சரி செய்தாகிவிட்டது."

"யார் சரி செய்தது?"

"நான்தான்."

துரை மகேன் புன்னகைத்தார். அந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்பது மூன்று வாரம் கழித்து வந்த நியமனக் கடிதத்தில் தெரிந்தது. நெருக்கடியிலும் சக ஊழியரைக் குறை கூறாத பக்குவம் என்று பாராட்டியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார்.

இதற்கிடையில் இருளப்பனிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். அவர் எழுதிக் கொடுத்ததை நான்தான் தட்டச்சு செய்து அனுப்பினேன். "திங்கட்கிழமை அப்டேட் போட்டது நான். வேறு எதுவும் செய்யவில்லை. கோளாறு என்ன என்று தெரிய வேண்டும். மடிக்கணினியைப் பார்க்க அனுமதி வேண்டும்." அவ்வளவுதான். மூன்று வாக்கியமும் ஒரு கோரிக்கையும். அனுமதி கிடைக்கவில்லை. மடிக்கணினி என் அலமாரியில் பூட்டியிருந்தது.

அவர் மேல் வந்த உத்தரவு, நான் புது நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரமே என் மேசைக்கு வந்தது. ஆபீஸ் வேலையிலிருந்து நீக்கம். எஸ்டேட்டின் எந்தக் கணினியையும், எந்த இணைப்பையும் தொடக் கூடாது. தொழிற்சாலையில் உருட்டும் மெஷினுக்கு எண்ணெய் விடுகிற வேலை. பதினெட்டு வயதில் எங்கே ஆரம்பித்தாரோ அங்கேயே. உத்தரவை அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியது உதவி மேனேஜரின் வேலை.

காலை பத்து மணிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கடிதத்தைக் கடைசி வரிவரை நின்றபடியே படித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நானும் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். உண்மையில் அதற்காகக் காத்திருந்தேன்.

"மேடம்" என்றார்.

அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வீட்டுல இதே மாதிரி பழைய மெஷின் ஒண்ணு வச்சுருக்கேன். அதே அப்டேட்ட அதுல பதினோரு தடவ போட்டுப் பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் வைஃபை வந்துருது. இதுல மட்டும் ஏன் வரலன்னு புரியல. தூக்கமே இல்ல மேடம். வேலைய விடுங்க, அது போனா போகுது. நான் போட்ட அப்டேட்டாலதானா? அத மட்டும் சொல்லிருங்க."

அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, அப்போது வேறு என்ன என்பது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. நாற்காலி கைக்கு வந்த பிறகும் இல்லை.

"ஆமா" என்றேன். "பழைய கெர்னல்ல ஏறினதும் வந்துருச்சு."

தலையை ஆட்டினார். அவர் தோள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். இத்தனை வாரம் அவரைத் தூங்கவிடாத கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. "அப்ப என் தப்புதான்" என்றார். மேசைமேல் குனிந்து, எண்ணெய்க் கறை படாமல் விரல் நுனியால் தாளைப் பிடித்துக்கொண்டு, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உங்க இன்டர்வியூவ கெடுக்கப் பாத்துட்டேன். மன்னிச்சுக்குங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.